பல் வைத்தியரும் பரிவும்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பல் வைத்தியக் கல்லூரியிற் சேரவிருக்கும் நம் மாணாக்கருக்குச் சில வார்த்தை கூறும்படி பணித்தீர்கள். பரிவென்பது பிறவிக் குணம், அதனைக் கற்க வேண்டுவதில்லை எனப் பலர் எண்ணுகின்றனர். அது பிழையென்பதை நாம் பட்டறிந்தோம்.

மாணாக்கர் முதலிற் பொம்மைத் தலையிற் பழகுகின்றனர். பொம்மைக்கு வலியில்லை, அச்சமுமில்லை. அங்கே கை தேறுகின்றது. ஆனால், எதிரிலிருப்பவர் முகத்தைப் பாராத வழக்கமும் உடன் வளர்கின்றது.

நாம் பயின்ற காலத்தில் மூதாட்டி ஒருவர் இரு பற்களைப் பிடுங்கிக்கொள்ள வந்தார். மரத்துப்போகும் ஊசியிட்டு, "அம்மா, வலித்தால் கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுவோம்" என்றோம். பல் அசையத் தொடங்கியதும் அவர் கையைத் தூக்கினார். ஆசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார். இஃது அழுத்தமேயன்றி வலியன்று எனத் துணிந்து, நிறுத்தாமற் பிடுங்கினோம். வேர் முறியாமல் வந்ததென்று ஆசிரியர் மெச்சினார். மூதாட்டியோ, "கையைத் தூக்கினேனே, தம்பி" என்று மட்டும் சொல்லிச் சென்றார். மற்றப் பல்லுக்கு அவர் திரும்பி வரவேயில்லை.

அந்த ஊசி வலியைப் போக்கும். அழுத்தத்தை உணர்வதைப் போக்காது. இதனை முன்னரே சொல்லியிருக்க வேண்டும். கை உயர்ந்தவுடன் நிறுத்தி, வலியா அழுத்தமா எனக் கேட்டு, வேண்டுமாயின் மீண்டும் மருந்திட்டிருக்க வேண்டும். அதற்குச் சில நிமிஷங்களே செல்லும்.

ஆகவே, மாணாக்கர்களே, இவற்றையும் பாடமாகப் பயிலுங்கள். ஊசி மருந்தை மெல்லச் செலுத்துங்கள். விரைந்து செலுத்தின் வலி மிகும். கீழ்க் கடைவாய்ப் பல்லாயின், அப்பக்கத்து உதடு மரத்ததா எனக் கேட்டறிந்த பின்னரே குறட்டை எடுங்கள். குழந்தைகளுக்கு முதலிற் சொல்லி, பின்னர்க் கருவியைக் காட்டி, அதன் பின்னரே செய்யுங்கள். 1959-இல் அடில்ஸ்டன் என்பார் எழுதிய இம்முறை இன்றும் கற்பிக்கப்படுகின்றது.

1844-இல் அமெரிக்கப் பல் வைத்தியர் ஹொரேஸ் வெல்ஸ், நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவை முகர்ந்து, வலி தோன்றாதிருக்குமாவென அறியத் தம் பல்லையே பிடுங்குவித்துக்கொண்டார். பிறர் வலியைப் போக்கத் தம் உடலையே சோதனைக்கு ஈந்தவர் பிறந்த தொழில் இது.

அத்தொழிலிற் புகும் நீங்கள், உயர்ந்த கையைக் கண்டு நிறுத்தக் கற்பீர்களாக.