வழிப்போக்கரும் வானொலி நாடகமும்

பஸ் வந்து நிற்கும் ஓசை கேட்கிறது. ஒருவர் இறங்குகிறார். பஸ் புறப்பட்டுச் செல்கிறது. அதன் இரைச்சல் மெல்ல மெல்லத் தேய்ந்து மறைகிறது. பிறகு பனைமரங்களை அலைக்கும் காற்றின் ஒலி மட்டுமே மிஞ்சுகிறது. முன்பின் அறியாத மனிதர் ஒருவர் தொலைவான சிற்றூர் ஒன்றுக்கு வந்து சேர்ந்துவிட்டார் என்று அறிவிக்க வானொலி நாடகத்துக்கு இவ்வளவே போதும். மேடை நாடகமாயின் திரைச்சீலை வேண்டும், மரம் வேண்டும், விளக்கு வேண்டும். வானொலியில் கேட்பவர் தம் மனத்திலேயே அந்த ஊரைக் கட்டிக்கொள்கிறார். அவர் கட்டும் ஊர் பெரும்பாலும் அவர் பிறந்த ஊரின் சாயலாகவே இருக்கும்.

கனவும் நனவும் கலந்து வரும் நாடகங்கள் வானொலிக்கு மிகவும் ஏற்றவை என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். கனவின் போக்கையே கலையின் போக்காகக் கொள்ளும் ‘ஸர்ரியலிஸம்’ என்ற இயக்கம், 1924ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் ஆந்த்ரே பிரெத்தோன் வெளியிட்ட அறிக்கையினால் பெயர் பெற்றது. அதே 1924ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், வானொலிக்கென்றே எழுதப்பெற்ற முதல் நாடகங்களுள் ஒன்றை லண்டன் பி.பி.சி. நிலையம் ஒலிபரப்பியது. ரிச்சர்ட் ஹியூஸ் எழுதிய அந்நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கம் ஒன்றைப் பார்வையிட வந்தவர்கள் விளக்குகள் அணைந்துபோகவே இருளில் சிக்கிக்கொள்கிறார்கள். பாத்திரங்களுக்கும் கண் தெரியாது. கேட்பவர்களுக்கும் கண் தெரியாது. வானொலியின் குறை என்று எண்ணப்பட்ட ஒன்றையே அந்த ஆசிரியர் அதன் பலமாக ஆக்கிக் காட்டினார்.

ஒதுக்குப்புறமான ஓர் ஊரில் அந்நியர்கள் சந்திக்கும் கதையை வானொலி நாடகாசிரியர்கள் ஏன் விரும்புகிறார்கள் என்பதை ஆராய்ந்தால் மூன்று காரணங்கள் புலப்படும். முதலாவது, கேட்பவரும் அந்த ஊருக்கு அந்நியரே. ஒவ்வொரு குரலும் யாருடையது என்று அவர் தாமே கண்டறிய வேண்டும். புதிதாக ஊருக்கு வந்த பாத்திரத்துக்கும் அதே வேலைதான். ஆகவே இருவரும் கைகோத்துக்கொண்டு நடக்கிறார்கள். இரண்டாவது, சிற்றூரில் குரல்கள் சில. ஒன்றை ஒன்றிலிருந்து எளிதிலே பிரித்தறியலாம். மூன்றாவது காரணமே மிக முக்கியமானது. வானொலியில் இறந்தவரின் குரலும் உயிரோடிருப்பவரின் குரலும் ஒரே பொருளால் ஆனவை. மேடையில் ஆவி ஒன்று தோன்றினால் அதற்கு வெள்ளைத் துணி போர்த்த வேண்டும். ஒலிபெருக்கியின் வழியாக அது இயல்பாகவே வந்து பேசிவிட்டுப் போகும்.

டைலன் தாமஸ் எழுதி 1954ஆம் ஆண்டு ஜனவரியில் பி.பி.சி. ஒலிபரப்பிய ‘அண்டர் மில்க் உட்’ என்ற நாடகம் இதற்குச் சிறந்த சான்று. வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் உள்ள கற்பனையூர் ஒன்றின் ஓர் இரவும் ஒரு பகலுமே அதன் கதை. கண்பார்வை இழந்த கிழ மாலுமி ஒருவர் உறக்கத்தில் இருக்கும்போது, கடலில் மூழ்கிப்போன அவருடைய தோழர்கள் வந்து அவரோடு பேசுகிறார்கள். ஆசிரியர் அந்த ஒலிபரப்பைக் கேட்க உயிரோடு இல்லை. 1953 நவம்பரிலேயே அவர் காலமாகிவிட்டார். 1957ஆம் ஆண்டு ஜனவரியில் அதே நிலையம் ஸாமுவேல் பெக்கெட் எழுதிய ‘ஆல் தட் ஃபால்’ நாடகத்தை அளித்தது. கண் தெரியாத கணவரை அழைத்துவர ஒரு கிழவி ரயில் நிலையத்துக்கு நடந்து போகிறாள். வழியில் வண்டிக்காரர், சைக்கிள்காரர், மோட்டார்க்காரர் என்று ஒருவர் பின் ஒருவராக எதிர்ப்படுகிறார்கள். வண்டி தாமதமாக வருகிறது. தாமதத்தின் காரணம் கடைசியில் தெரியவரும்போது நெஞ்சு திடுக்கிடுகிறது. அந்நாடகத்தில் ஆடு மாடுகளின் குரல்களை மனிதர்களே எழுப்பினார்கள். உண்மையான ஒலியைக் காட்டிலும் சற்றே விலகிய ஒலி, கேட்பவரைக் கனவின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தியது.

இத்தகைய நாடகத்துக்கு ஏற்ற களம் நம் நாட்டிலே எங்கே என்று கேட்டால், பாலக்காட்டுக் கணவாயைச் சுட்டலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பெரிய வாசல் அது. காற்றும் வணிகரும் படைகளும் அவ்வழியாகவே வந்து போயினர். 1862ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து வந்த ரயில்பாதையும் அவ்வழியாகவே மலையாளக் கரையை எட்டியது. தமிழும் மலையாளமும் அங்கே ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன. 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் தேதி வரையில் சென்னை இராச்சியத்தைச் சேர்ந்திருந்த அந்தப் பகுதி, அன்றைய தினம் கேரள மாநிலத்தின் பகுதியாயிற்று. எல்லைக்கோடு மாறியது, வீட்டுக்குள் பேசும் பேச்சு மாறவில்லை.

அந்த வாசலில் அமைந்த ஊர் கல்பாத்தி. ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்பது மக்கள் வழக்கு. காசிக்குச் சென்ற லக்ஷ்மி அம்மாள் என்ற பெண்மணி கொண்டுவந்த லிங்கமே ஆற்றங்கரை விசுவநாதர் கோயிலில் உள்ளது என்பர். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது அக்கோயில் என்பது மரபு. ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டுகள் காசியின் துறைகளை நினைவூட்டும். ஓட்டு வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும் அக்கிரகாரத் தெருக்களில், ஐப்பசி மாதக் கடைசியில் தேர்த்திருவிழா நடைபெறும். வெவ்வேறு கோயில்களின் தேர்கள் தனித்தனியே புறப்பட்டு, இறுதி நாள் மாலையில் ஓரிடத்திற் கூடுகின்றன. பின்னே யானை முட்டித் தள்ள, முன்னே மக்கள் வடம் பிடிக்க, மரச்சக்கரம் முனகிக்கொண்டு நகரும் ஓசையை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். பம்பாயிலிருந்தும் டில்லியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பிள்ளைகள் அந்த நாளில் ஊர் திரும்புவார்கள். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த வீட்டின் கதவு திறக்கும். தன் பாட்டனார் உட்கார்ந்த திண்ணையில் பேரன் ஓர் அந்நியனைப் போல வந்து அமர்வான். வானொலி நாடகாசிரியருக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறு வேண்டுமோ?

பாலக்காட்டுக்கு அருகே உள்ள மற்றொரு சிற்றூர், அந்நியன் ஒருவனின் வருகையினாலேயே இலக்கியப் புகழ் பெற்றது. அதன் பெயர் தஸ்ராக். மலையாள எழுத்தாளர் ஓ. வி. விஜயன் (1930–2005) தம் சகோதரி அங்கே ஓராசிரியர் பள்ளியில் பணிபுரிந்த நாள்களில் அந்த ஊரை அறிந்தார். அதனைக் ‘கசாக்’ என்ற கற்பனையூராக மாற்றி, பல்லாண்டு உழைத்துக் ‘கசாக்கின்றெ இதிகாசம்’ என்ற நாவலைப் படைத்தார். 1968ஆம் ஆண்டில் ‘மாத்ருபூமி’ வார இதழில் தொடராக வந்து, 1969இல் நூலாக வெளியாயிற்று அது. கூமன்காவில் பஸ்ஸிலிருந்து இறங்கும் ரவி என்ற இளைஞன், அந்த ஊரில் பள்ளிக்கூடம் நடத்த வருகிறான். மொல்லாக்காவும், நிஸாமலியும், தும்பி பிடித்துத் திரியும் அப்புக்கிளியும், மைமூனாவும் அவனுக்கு எதிர்ப்படுகிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் கனவோடு வருகிறார்கள். நாவல் முடியும்போது ரவி மறுபடியும் கூமன்காவில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறான்.

இந்நாவல் மேடைக்கும் வந்திருக்கிறது. தீபன் சிவராமன் 2015ஆம் ஆண்டில் இதனைப் பெரிய அளவில் நாடகமாக்கினார். ஆயினும் காதுக்கென்று இதில் உள்ள செல்வம் தனியானது. ஆயிரத்தொரு குதிரைகளோடு அந்த ஊருக்கு வந்த ஷெய்கு ஒருவரைப் பற்றிய ஐதிகம் நாவலில் வருகிறது. குதிரைகளில் ஒன்று மட்டும் கிழடு, நோயுற்றது. ஷெய்கு ஏறி வந்தது அதன்மேல்தான். ஆயிரத்தொரு குதிரைகளை எந்த மேடையில் நிறுத்துவது? வானொலி நிலையத்திலோ, பிளந்த தேங்காய்ச் சிரட்டை இரண்டைக் கையிலெடுத்துப் பலகையின்மேல் தட்டினாற் குதிரை வந்துவிடும். நான்கு பேர் தட்டினாற் படையே வந்துவிடும். பிறகு மற்ற ஒலிகள் ஒவ்வொன்றாக அடங்கி, ஒரே ஒரு குளம்படி மட்டும் தாளம் தவறித் தவறி ஒலிக்கட்டும். வாகனத்தைக் கைவிடாத பெரியவர் ஒருவரின் கருணையை வசனம் ஏதும் இல்லாமலே கேட்பவர் உணர்ந்துவிடுவார். குரல், ஓசை, மௌனம் என்ற மூன்றும் வானொலி நாடகத்தின் கருவிகள். மூன்றிலும் மௌனத்தைக் கையாளுவதே கடினம். அளவு மிகுந்தால் நிலையம் பழுதாகிவிட்டது என்று கேட்பவர் எண்ணிவிடுவார்.

கனவு நாடகம் என்ற பெயரால் எதையும் எழுதலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. அது தவறு. கனவுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. காலடியில் உள்ள மண் உறுதியாக இருந்தாலன்றித் தலைக்கு மேலே பறப்பது வியப்பளிக்காது. கசாக்கில் நிகழும் அதிசயங்களை நாம் நம்புவதற்குக் காரணம், அங்கே பனை பனையாகவும், பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு பதிவேடாகவும் இருப்பதே. கேட்பவர் ஏமாற்றப்பட்டதாக உணரக்கூடாது. புரியாமை வேறு, மர்மம் வேறு. புரியாதபோது கேட்பவர் பெட்டியை அணைத்துவிடுவார். மர்மம் இருந்தால் பெட்டியின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

தமிழராகிய நமக்கு இந்நாவலில் மற்றொரு செய்தியும் உண்டு. அந்த ஊர் மாந்தரிற் பலர் இராவுத்தர் சமூகத்தினர். தமிழகத்திலிருந்து கணவாய் வழியே சென்று குடியேறிய அவர்களுடைய பேச்சில் தமிழ் ஓசை ஊடுருவியிருக்கிறது. அந்த ஓசையை விஜயன் அப்படியே மலையாள இலக்கியத்துக்குள் கொண்டுசென்றார். பிறகு யூமா வாசுகி தமிழாக்கம் செய்ய, கதை ‘கசாக்கின் இதிகாசம்’ என்று தமிழுக்கும் வந்து சேர்ந்தது. எல்லைப்புறத்துப் பேச்சு கொச்சை என்று ஒதுக்கத்தக்கதன்று. பெரிய நூலொன்றைத் தாங்கும் வலிமை அதற்கு உண்டு என்பதை இதனால் அறிகிறோம்.

கல்பாத்தியின் அக்கிரகாரத் தமிழும் அத்தகையதே. வாக்கியத்துக்கு வாக்கியம் ‘கேட்டேளா’ என்று எதிரிலிருப்பவரை இழுத்துக்கொள்ளும். உறுதியாகச் சொல்ல வேண்டியதை ‘ஆக்கும்’ என்று முடிக்கும். மொளகூட்டலும் ஓலனும் எரிசேரியும் அதன் சமையற்கட்டுச் சொற்கள். அந்தத் தமிழ் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கரோல் பாக்கிலும் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்ந்திருக்கிறது. பாலக்காட்டார் வீட்டில் மட்டுமன்று, தஞ்சையையும் நெல்லையையும் கோவையையும் விட்டு வெளிமாநிலம் சென்ற எல்லாத் தமிழர் வீட்டிலும் ஒரு நிலைமை உண்டு. பாட்டி பேசுவது பேரக் குழந்தைக்குப் புரிகிறது. ஆனால் தமிழ் எழுத்து தெரிவதில்லை. பள்ளியில் இந்தியோ மராத்தியோ வங்காளியோ படிக்கிறது. கம்பனும் பாரதியும் அக்குழந்தைக்குப் பூட்டிய அறை. காது என்ற ஒரு சாளரம் மட்டும் திறந்திருக்கிறது. அந்தச் சாளரம் எத்தனை நாள் திறந்திருக்கும் என்பது, அதன் வழியே கேட்கத்தக்கது என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது. பாட்டியின் குரலும் ஓய்ந்து, வேறு தமிழ்க் குரலும் வாராது போனால், மூடிவிடும்.

வானொலி நாடகத்துக்கு எழுத்தறிவு வேண்டியதில்லை என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தோன்றிய நாள் முதலாக, தமிழ் நாடகம் இவ்வழியே எண்ணற்ற வீடுகளுக்குள் சென்றிருக்கிறது. அந்நாளில் அலைவரிசை எட்டும் எல்லைக்குள் இருந்தவரே அதனைக் கேட்க முடிந்தது. இந்நாளில் இணையத்தின் வாயிலாக நிலையத்தின் ஒலி கையிலுள்ள தொலைபேசிக்கே வந்துவிடுகிறது. குவாஹாத்தியில் இருப்பவரும் ஆமதாபாத்தில் இருப்பவரும் திருச்சியையோ கோவையையோ கேட்கலாம். தூரம் குறைந்துவிட்டது. அதன் வழியே வரவேண்டிய நாடகங்கள் பெருக வேண்டும்.

வெளிமாநிலத் தமிழ் நேயர்களுக்கு இதில் இரண்டு பணிகள் உண்டு. முதலாவது, வீட்டிலுள்ள முதியவர்களைப் பேசவைத்து அந்தக் குரலைப் பதிந்து வைத்துக்கொள்ளுதல். தேர்நாள் எப்படியிருந்தது, முதன்முதல் ரயிலேறி வந்த இரவில் என்ன கண்டார்கள், முன்பின் தெரியாத ஊரில் முதலில் கைகொடுத்தவர் யார் என்று கேட்டாற் போதும். ஒரு நாடகத்துக்கு வேண்டிய பேச்சு தானே கிடைக்கும். இரண்டாவது, தம் ஊர்ப் பேச்சிலேயே எழுதத் துணிதல். சென்னைத் தமிழ்தான் நாடகத் தமிழ் என்று எந்தச் சட்டமும் இல்லை. தாதர் ரயில் நிலையத்தில் நள்ளிரவு. வண்டி வரவில்லை. கல்பாத்திக் கிழவர் ஒருவர், தஸ்ராக்கிலிருந்து வந்த இராவுத்தர் ஒருவர், தமிழ் பேசத் தெரியாத தமிழ்ப் பையன் ஒருவன் ஆகிய மூவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறார்கள். தூரத்தில் ஏதோ உருளும் ஓசை கேட்கிறது. ரயில் என்கிறான் பையன். தேர் என்கிறார் கிழவர். குதிரை என்கிறார் இராவுத்தர். இதனை யாரேனும் முழு நாடகமாக எழுதட்டும். பையன் வாய் திறந்து தமிழில் ஒரு சொல் சொல்வதோடு அது முடியுமாயின், கேட்கும் வீடுகளிலுள்ள குழந்தைகளும் அச்சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார்கள்.