ஜன்னலைக் குறிவைத்த பந்து

முதல்வர் அவர்களே, பட்டம் பெறும் என் அன்புப் பிள்ளைகளே, தில்லியில் தமிழில் பேச இடம் கொடுத்தீர்கள்.

இந்தியா கேட்டைச் சுற்றித்தான் இங்கே வந்தேன். முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களின் நினைவாக 1921 பிப்ரவரியில் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், அந்தப் போருக்குக் குண்டு செய்து கொடுத்த பெண்களுக்கு ஓர் அநீதி நடந்தது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்றொரு ஊர். டிராம் வண்டிகள் செய்துவந்த டிக், கெர் கம்பெனி, போர் வந்ததும் பீரங்கிக் குண்டு செய்யத் தொடங்கியது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். பெண்கள் ஷிஃப்டுக்கு வந்தார்கள். அந்நாளைய வெடிமருந்து ஆலைகளில் வேலை செய்த பெண்களுக்குத் தோலே மஞ்சளாகிவிடும். 1916 டிசம்பர் 5 இரவு, லீட்ஸ் அருகே பார்ன்போ ஆலையில் வெடிவிபத்து. 35 பெண்கள் இறந்தார்கள். போர்க்காலத் தணிக்கை, ஆலையின் பெயரைக்கூடப் பத்திரிகையில் வரவிடவில்லை.

பிரெஸ்டன் பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் முற்றத்தில் ஆண்களோடு பந்து உதைத்தார்கள். கோல் கம்பம் கிடையாது. உடை மாற்றும் அறையின் சின்னச் சதுர ஜன்னல்கள்தான் குறி. ஆண்கள் ஜெயித்தால் பெண்கள் ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கித் தரவேண்டும். பெண்கள் ஜெயித்தால் ஆண்கள் சாக்லேட் வாங்கித் தரவேண்டும். ஆலிஸ் நோரிஸ் என்ற தொழிலாளி பின்னாளில் இதை நினைவுகூர்ந்தார். பெரிய விஷயங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன, பிள்ளைகளே, அரை மணி நேர ஓய்வில், சாக்லேட் பந்தயத்தில்!

1917 கிறிஸ்துமஸ் அன்று அந்தப் பெண்கள் ஓர் அணியாகி, ஊரின் டீப்டேல் மைதானத்தில் 10,000 பேர் முன்னால் ஆடினார்கள். வசூல், காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைக்குப் போனது. 1920 டிசம்பரில் ராணுவத்தின் தேடுவிளக்குகளை இரவல் வாங்கி ராத்திரியில் ஓர் ஆட்டம். இருட்டில் தெரிய வேண்டுமே என்று பந்துக்கு வெள்ளையடித்தார்கள். சாயம் போகப் போக மறுபடி வெள்ளைப் பந்து உள்ளே வரும். அதற்குப் பத்தாம் நாள் லிவர்பூல் குடிசன் பார்க் மைதானத்தில் 53,000 பேர் கூடினார்கள். இடமில்லாமல் வாசலோடு திரும்பியவர்கள் பல ஆயிரம். அந்த அணியின் லில்லி பார் அப்போது பதினைந்து வயதுச் சிறுமி.

1921 டிசம்பர் 5, பார்ன்போ பெண்கள் மாண்டு சரியாக ஐந்தாண்டு. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று அறிவித்து, தன் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்குத் தரக்கூடாது என்றது. வெடிமருந்து மட்டும் ஏற்றதாக இருந்ததா? எனக்கு இன்றுவரை ஆறவில்லை. தடை ஏறத்தாழ 50 ஆண்டுகள் நீடித்தது. பிரெஸ்டன் பெண்களோ பூங்காக்களிலும் கிடைத்த திடல்களிலும் 1965 வரை ஆடிக்கொண்டே இருந்தார்கள்.

நம் நாட்டிலும் இந்தக் கணக்கு நடந்தது. இரண்டாம் உலகப் போரில் நிலக்கரித் தட்டுப்பாடு வந்ததும், 1943இல், சுரங்கத்துக்குள் பெண்கள் இறங்கக்கூடாதென்ற தடையை அரசு நீக்கியது. போர் முடிந்ததும் 1946இல் மறுபடி கொண்டுவந்தது. சுரங்கம் கொடியது, வெளியே வந்தது நல்லதுதான். ஆனால் இறக்கியபோதும் ஏற்றியபோதும் அந்தப் பெண்களின் விருப்பத்துக்கு இடமிருந்ததா? அந்நாளில் தில்லியில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் டாக்டர் அம்பேத்கர். அவர் பெயர் தாங்கிய ஸ்டேடியத்தில்தான், தில்லி கேட் அருகே, 2017 பிப்ரவரியில் இந்திய மகளிர் லீக் கால்பந்துப் போட்டியின் முதல் இறுதியாட்டம் நடந்தது. மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் கோப்பையை வென்றது.

இன்று காலை சீக்கிரமே வந்துவிட்டேன். உங்கள் மைதானத்தின் நடுவில் கிரிக்கெட் வலைப்பயிற்சி. சுவரோரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஏழெட்டுப் பெண்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு புத்தகப் பைகள்தான் கோல் கம்பம். "நடுவில் ஆடக்கூடாதா, அம்மா?" என்று கேட்டேன். "எங்க பேர் டைம்டேபிள்ல இல்லைங்க சார்" என்றாள் ஒருத்தி, பந்திலிருந்து கண்ணெடுக்காமல்.

முதல்வர் அவர்களே, மேடையிலேயே கேட்கிறேன், பொறுத்தருளுங்கள். வாரத்தில் இரண்டு நாள், காலை ஆறு முதல் ஏழரை வரை, மைதானம் கிடைத்தால் போதும் என்கிறார்கள் அந்தப் பெண்கள்.