ஆடல் அரங்கில் ஒரு சிறுமொழி



ஒரு மொழி வளர்கிறதா, தேய்கிறதா என்பதை எதனைக் கொண்டு அறிவது? அம்மொழியின் காவியங்களையும், பள்ளிகளையும், அரசாணைகளையும் கொண்டு அளப்பது வழக்கம். இளைஞர்கள் கூடிக் களிக்கும் இடத்தில் எம்மொழி ஒலிக்கிறது என்பதும் ஓர் அளவுகோலே. அதற்குச் சான்றாக, ஸ்பெயின் நாட்டுப் பாடகி ஒருவரின் இசை வாழ்வை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய பெயர் ஆல்பா ஃபரேலோ. மேடைப் பெயர் ‘பேட் கியால்’. ‘கியால்’ என்பது ஜமெய்க்கா மக்களின் பேச்சில் பெண்ணைக் குறிக்கும் சொல். பொல்லாத பெண் என்று நாம் பொருள் கொள்ளலாம்.

அவர் பாடுவது டான்ஸ்ஹால், டிராப், ரெகேடோன் என்னும் இசை வகைகள். இவற்றுள் ரெகேடோன் பிறந்த வரலாறு, பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் சென்றோரின் வரலாறு. 1904 முதல் 1914 வரை அமெரிக்கர் பனாமாக் கால்வாயை வெட்டியபோது, பார்படோஸ், ஜமெய்க்கா முதலிய தீவுகளிலிருந்து பல்லாயிரம் கூலியாட்கள் அங்கே சென்றனர். பலர் திரும்பவில்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் ஸ்பானிஷ் பேசி வளர்ந்தனர்; ஆயினும் ஜமெய்க்காவின் தாளத்தை மறக்கவில்லை. 1980களில் அத்தாளத்திற்கு ஸ்பானிஷ் சொற்களை இட்டுப் பாடினர். ‘எல் ஹெனரல்’ என்ற பனாமாப் பாடகர் அவர்களுள் புகழ்பெற்றவர். பின்னர் அவ்விசை போர்ட்டோ ரிக்கோத் தீவில் வேரூன்றிற்று. 1995-இல் அங்கே காவல் துறையினர் கடைகளுட் புகுந்து அதன் ஒலிநாடாக்களைப் பறிமுதல் செய்தனர். 2004-இல் டாடி யாங்கியின் ‘கசோலினா’ என்ற பாட்டு அதே இசையை உலகெங்கும் கொண்டு சென்றது.

இனி ஆல்பாவின் ஊருக்கு வருவோம். பார்சிலோனா நகருக்கு வடகிழக்கே, கடலோரத்தில் உள்ளது விலசார் தெ மார் என்னும் சிற்றூர். அவர் பிறந்த ஆண்டு 1997. அப்பகுதி காட்டலோனியா, மக்களின் மொழி காட்டலான். 1939 முதல் 1975 வரை நீடித்த ஃபிராங்கோவின் ஆட்சியில் அம்மொழி அலுவலகங்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் விலக்கப்பட்டது. வீட்டிற்குள் உயிர் பிழைத்திருந்தது. 1979-இல் ஸ்பானிஷோடு அதுவும் ஆட்சிமொழி ஆயிற்று. 1983-இல் இயற்றப்பட்ட சட்டம் பள்ளிக்கூடத்தின் கதவை அதற்குத் திறந்துவிட்டது. அக்கதவின் வழியே நுழைந்து பயின்ற தலைமுறையைச் சேர்ந்தவர் ஆல்பா.

அவர் தந்தை எடுவார்ட் ஃபரேலோ நாடக நடிகர்; அயல்நாட்டுத் திரைப்படங்களுக்குக் குரல் கொடுப்பவருங்கூட. வேற்று மொழியாளரின் வாயசைவுக்குத் தம் மொழியைப் பொருத்தும் கலை அவ்வீட்டின் தொழிலாக இருந்தது. மகளோ ஆடை வடிவமைப்புப் பயின்றுகொண்டே, ரொட்டிக் கடையில் வேலை பார்த்தார். 2016-இன் தொடக்கத்தில், பார்படோஸில் பிறந்த ரிஹானாவின் ‘வொர்க்’ என்ற பாட்டு வெளிவந்தது. அதே ஆண்டில் ஆல்பா அவ்விசைக்குக் காட்டலான் மொழியில் தம் சொற்களை அமைத்து, ‘பாய்’ என்று பெயரிட்டு இணையத்தில் வெளியிட்டார். அப்பாட்டே அவரை ஊரறியச் செய்தது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்செயல் வியப்பளிக்கிறது. நாங்கள் பொருளைக் காத்து ஓசையை இழப்போம். அவரோ பொருளை விட்டுவிட்டு ஓசையைப் பற்றிக்கொண்டார். பாடநூலிலும் செய்தியிலும் மட்டுமே கேட்ட மொழி, நள்ளிரவில் ஆடும் கூட்டத்திற்கும் உதவும் என்று காட்டினார். பள்ளி ஒரு மொழியைக் கற்பிக்கலாம். அதில் குறும்பு செய்யக் கற்பிப்பது பள்ளியால் ஆகாது.

2016-இலேயே ‘ஸ்லோ வைன்’ என்ற தொகுப்பு வந்தது. ‘ஃபியெப்ரே’, அதாவது ‘காய்ச்சல்’, என்ற ஸ்பானிஷ் பாட்டு அவரைக் காட்டலோனியாவுக்கு வெளியே கொண்டு சென்றது. 2018-இல் ‘வேர்ல்டுவைட் ஏஞ்சல்’, 2021-இல் ‘வார்ம் அப்’ எனத் தொகுப்புகள் தொடர்ந்தன. அவற்றின் சொற்கள் எல்லார் செவிக்கும் உகந்தவை என்று நான் கூறமாட்டேன். குடும்பத்தாரோடு கேட்கத் தயங்கும் பாடல்கள் பல உண்டு.

என் கவலை வேறொன்று. புகழ் பெருகப் பெருக, காட்டலான் சுருங்கி ஸ்பானிஷ் ஓங்கிற்று. காரணம் வெளிப்படை. காட்டலான் அறிந்தோர் ஏறத்தாழ 1 கோடிப் பேர். ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டோர் 50 கோடியை நெருங்குவர். இவ்விசையின் பெருஞ்சந்தையோ அமெரிக்கக் கண்டத்தில் இருக்கிறது. 2024 ஜனவரியில் அவருடைய முதல் முழு இசைத்தொகுப்பு வெளிவந்தது. பாடல்களில் பெரும்பாலானவை ஸ்பானிஷ். ஆனால் தொகுப்பின் பெயர் ‘லா ஜோயா’. ‘அணிகலன்’ எனப் பொருள்படும் காட்டலான் சொல். வீட்டின் வாயிலில் தாய்மொழிப் பெயர்ப்பலகை. உள்ளே நடக்கும் பேச்சு வேறு மொழி.

அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பிழைப்பு இருக்கும் திசையில் நாவும் திரும்புகிறது. தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் வீடுகளிலும் பெயர்ப்பலகை தமிழில் இருக்கிறது. பெயர்களும் பண்டிகைகளும் தமிழில் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்குத் திருக்குறளைக் கற்பிக்கிறோம், கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் தோழரோடு சண்டையிடவும், கேலி பேசவும், காரணமின்றிக் கூத்தாடவும் தமிழ் உதவுகிறதா? தாய்மொழியில் ஒழுக்கத்தை மட்டும் கேட்ட பிள்ளை, விளையாட வேறு மொழியை நாடும்.

கால்வாய் வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் மொழியை மாற்றிக்கொண்டனர், தாளத்தை விடவில்லை. அத்தாளத்தைக் கடன் வாங்கிய ஒரு காட்டலான் பெண், சில காலமேனும் தம் சிறுமொழியை ஆட வைத்தார். அவர் தொடங்கியதை அவ்வூர் இளைஞர்கள் தொடர்வார்களாயின், அம்மொழிக்குச் சட்டம் தந்த காப்பைவிட வலிய காப்பு ஒன்று கிடைத்துவிடும்.