நாற்பத்தோராம் நாள்

(சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



'குழந்தை வளர்ப்பு' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்திருக்கின்றனர். நான் நூல் பல கற்றவள் அல்லள். இரண்டு குழந்தைகளைப் பெற்று, இத்தில்லி மாநகரின் அரசுக் குடியிருப்பொன்றில் வளர்த்து ஆளாக்கியவள் என்பதொன்றே எனக்குள்ள தகுதி. எந்த மாதத்தில் என்ன ஊட்டுவது, எந்த நாளில் எந்தத் தடுப்பூசி போடுவது என்பனவற்றை மருத்துவர்கள் தெளிவாகவே சொல்லுகின்றனர். ஆகவே இன்று குழந்தையைப் பற்றிச் சிறிதும், அக்குழந்தையைப் பெற்றவளைப் பற்றிப் பெரிதும் பேச விரும்புகிறேன். பிறந்த வீட்டுக்குப் பார்க்கப் போகும் நாம், "குழந்தை எத்தனை எடை? யார் சாயல்? பால் குடிக்கிறதா?" என்று கேட்கிறோம். "அம்மா, நீ நேற்று உறங்கினாயா?" என்று கேட்பார் அரியர்.

என் முதற்குழந்தை 1989 டிசம்பரில் இங்குப் பிறந்தாள். தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். எனக்கோ ஏழாம் மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. இரண்டு இரவு இரயிலில் போவது கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். எனவே நான் தாய்வீடு போகவில்லை. தாய்வீடு என்னிடம் வந்தது. என் அன்னையார் ஒரு தகரப் பெட்டியுடன் வந்து இறங்கினார். சுக்கும் திப்பிலியும் ஓமமும், பூண்டும், ஒரு சாடியில் பிரசவ லேகியமும், நைந்து மெத்தென்றான பழைய வேட்டிகளும் அதில் இருந்தன. தூளி கட்ட எங்கள் கான்கிரீட் கூரையில் விட்டம் ஏது? குளிர்காலந்தானே என்று என் கணவர் மின்விசிறியைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் கொக்கியில் தூளியைக் கட்டினார். அந்த நாற்பது நாளும் நான் தரையில் கால் வைத்ததாக நினைவில்லை. வெந்நீரும் பூண்டுக் குழம்பும் வேளை தவறாமல் என் முன் வந்தன.

பொங்கலை எங்களோடு கொண்டாடிவிட்டு, நாற்பத்தோராம் நாள் அன்னையார் ஊருக்குப் புறப்பட்டார். அங்கே என் தந்தையார் தனியே இருந்தார். அவரைக் குறை கூற முடியாது. என் கணவரும் இரயிலடிக்குப் போய் வழியனுப்பிவிட்டு, அங்கிருந்தே அலுவலகம் சென்றுவிட்டார். கதவைத் தாழிட்டுத் திரும்பினேன். வீட்டில் நானும் அந்தக் குழந்தையும் மட்டுமே இருந்தோம். அன்றுதான் நான் தாயானேன் என்று சொல்லவேண்டும்.

பிறந்த சில வாரத்துக் குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். ஒவ்வொரு முறையும் பால் கொடுத்து, தோளில் சார்த்தி, துணி மாற்றி, உறங்க வைக்க ஒரு மணி நேரம் ஆகிறதென்று கணக்கிட்டுப் பாருங்கள். இருபத்துநான்கு மணியில் எஞ்சுவது எவ்வளவு? அதற்குள் சமையல், துவையல், பாத்திரம் அனைத்தும் அடங்கவேண்டும். தில்லியின் ஜனவரி மூடுபனியையும் நீங்கள் அறிவீர்கள். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் உலராது. ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து உலர்த்துவேன். அப்படித் தேய்க்கும்போதே காரணமின்றிக் கண்ணீர் வழியும். குறையொன்றும் இல்லாத குழந்தை, அன்பான கணவர், அரசு கொடுத்த வீடு. எனக்கு என்ன குறை என்று என்னையே கடிந்துகொள்வேன். கடிந்துகொண்டதால் அழுகை கூடியதேயன்றிக் குறையவில்லை.

ஒரு நாள் பிற்பகல் நடந்ததை இதுவரை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. குழந்தை இரண்டு மணி நேரமாக வீறிட்டு அழுதது. பால் குடிக்கவில்லை, தூளியிலும் அடங்கவில்லை. என்னையறியாமல் ஒரு சினம் மூண்டது. அக்குழந்தையை உலுக்கிவிடுவேனோ என்று என் கைகளுக்கே நான் அஞ்சினேன். அதைத் தூளியில் இட்டு, கதவைச் சாத்திவிட்டு, வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். பெற்ற குழந்தையை அழவிட்டு வந்த பாவி என்று நெடுங்காலம் என்னை நானே பழித்ததுண்டு. தாங்க முடியாத வேளையில் குழந்தையைப் பத்திரமான இடத்தில் கிடத்திவிட்டுச் சில நிமிடம் விலகி நிற்பதே சரியான செயல் என்றும், பச்சைக் குழந்தையை உலுக்கினால் மூளையில் இரத்தம் கசிந்து உயிருக்கே கேடு வரலாம் என்றும் பின்னர் ஒரு மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன்.

எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி என்னைப் படிக்கட்டில் கண்டார். ஐம்பது வயது கடந்தவர். 1947-இல் சிறுமியாக லாகூரிலிருந்து தாயின் கைப்பிடித்து வந்தவர். எனக்கு அப்போது இந்தி அரைகுறை. அவருக்குத் தமிழ் அறவே தெரியாது. ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே சென்று குழந்தையை எடுத்தார். என் கட்டிலைக் காட்டி, "சோ ஜா, பேட்டி" என்றார். உறங்கு மகளே என்பது அதன் பொருள். அன்று மேகம் விலகிச் சற்றே வெயில் காய்ந்தது. மாடியில் அந்த வெயிலில் அமர்ந்து குழந்தைக்குக் கடுகெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாராம். நான் இரண்டரை மணி நேரம் உறங்கினேன். எழுந்தபோது உலகம் வேறாகத் தெரிந்தது. மறுநாள் ஒரு டப்பா நிறையப் பஞ்சீரி கொண்டுவந்தார். கோதுமை மாவை நெய்யில் வறுத்து, பிசினும் பருப்பு வகைகளும் சர்க்கரையும் சேர்த்துச் செய்வது அது. பிள்ளை பெற்றவளுக்கு நம் வீட்டில் லேகியம் எப்படியோ, அவர்கள் வீட்டில் பஞ்சீரி அப்படி. அந்தக் குளிர்காலம் முடியும்வரை நாள்தோறும் மூன்று மணிக்கு என் கதவைத் தட்டினார்.

அன்பர்களே, நான் பட்டது என் ஒருத்தியின் பலவீனம் என்றே எண்ணியிருந்தேன். குழந்தை பிறந்தவுடன் பெண்ணுடலில் கருப்பத்தைக் காத்த சுரப்புநீர்கள் சடுதியில் குறைகின்றன. அதனால் முதற்சில நாட்களில் தாய்மார் பலருக்கு அழுகையும் கலக்கமும் வருகின்றன. அவை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தாமே அடங்கிவிடும். அதன் பின்னும் துயரம் நீடித்தால், குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராவிட்டால், எதிலும் பற்றில்லாவிட்டால், தன்னையோ குழந்தையையோ வருத்திக்கொள்ளும் எண்ணம் எழுந்தால், அது நோய். அதற்குச் சிகிச்சை உண்டு, குணமும் உண்டு. பேய் பிடித்ததென்றும், வேலைக்குச் சோம்பி நடிக்கிறாளென்றும் சொல்வது கொடுமை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை நம் வீட்டுச் சமையலறைச் சுவரில் எழுதி வைப்பது நன்று.

பழைய வழக்கங்களைப் பற்றியும் ஒரு சொல். நம் பாட்டிமார் வகுத்த நாற்பது நாள் ஓய்வு, ஒரு பெண்ணின் உடல் தேறுவதற்கென்றே அமைந்த ஏற்பாடு, அதைப் போற்றுவோம். ஆயினும் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு போற்ற வேண்டுவதில்லை. முதலில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, குழந்தைக்குக் கிடைக்கும் முதல் நோய்க்காப்பைக் கொட்டுவதாகும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்குவதே நலம். நாவில் தேன் தடவிச் சேனை வைப்பதும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் ஓராண்டு நிறையாத குழந்தைக்கு நஞ்சாகலாம். ஆறு மாதம்வரை தாய்ப்பாலே போதும். மே மாதத்தில் இத்தில்லி வெயிலைக் கண்டு, "ஒரு பாலாடை தண்ணீர் கொடு" என்று சொல்லாதார் இல்லை. வேண்டிய தண்ணீர் தாய்ப்பாலிலேயே இருக்கிறது. தண்ணீர் வேண்டுவது தாய்க்கு. பத்தியம் என்று சொல்லி அவள் குடிக்கும் நீரைக் குறைப்பவர்கள் இதை நினைவிற் கொள்வார்களாக.

இவ்வளவும் சொல்லும் நானே ஒரு முறை தவறினேன். 2011-இல் எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்த ஓர் இளம்பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. நன்கு படித்தவள், பொறியியல் பட்டம் பெற்றவள். அவள் தாயார் ஊர் திரும்பிய பின் பழங்களோடு பார்க்கப் போனேன். ஒரு மணி நேரம் அமர்ந்து, சீம்பால் முதல் செங்கீரை வரை அறிவுரை வழங்கினேன். அவள் போட்டுக் கொடுத்த தேநீரையும் குடித்தேன். அவள் கூந்தல் வாராமல் கிடந்ததைக் கண்டேன். கண்டும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதமே உடல்நலம் குன்றிக் குழந்தையோடு தாய்வீடு சென்றுவிட்டாள். பல மாதம் சிகிச்சை பெற்றுத் தேறித் திரும்பினாள். பின்பொரு நாள் என்னிடம் மெல்லச் சொன்னாள்: "அம்மா, அன்று நீங்கள் வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். நீங்கள் குழந்தையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தீர்கள்." அவள் என்மேல் குறை சொல்லவில்லை. என் நெஞ்சு சொல்லிற்று. எதிர்வீட்டு அம்மையாரிடம் நான் பெற்ற கடனை அந்த ஒரு மணி நேரத்தில் அடைத்திருக்கலாம். வாய்ப்பை அறிவுரையில் செலவழித்தேன்.

இங்கு வந்துள்ள தந்தைமாருக்கு ஒரு வேண்டுகோள். சட்டத்துக்குட்பட்ட நிறுவனங்களில் பணிபுரியும் பெண்ணுக்கு முதலிரு மகப்பேறுகளில் 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. மத்திய அரசில் பணிபுரியும் ஆண்களுக்கும் 15 நாள் விடுப்பு உண்டு. குழந்தை பிறந்த ஆறு மாதத்துக்குள் அதை எடுக்கலாம். மாமியார் வந்து வீடு நிறைந்திருக்கும் நாளிலே அதைத் தீர்த்துவிடுகிறீர்கள். கூடுமாயின் நாற்பத்தோராம் நாளுக்கென்று அதைக் காத்து வையுங்கள். பால் கொடுப்பதொன்று நீங்கலாக, குழந்தைக்குரிய பணி ஒவ்வொன்றையும் ஆண்மகன் செய்யலாம்.

தமிழ் நாட்டுக்கு அப்பால் பிறக்கும் குழந்தைக்குத் தமிழ் வருமா என்று கவலைப்படும் தாய்மாரும் இங்கு உள்ளனர். குழந்தை கருவிலிருக்கும்போதே தாயின் குரலைக் கேட்கிறது. பிறந்த சில நாளில் அக்குரலை மற்றக் குரல்களினின்று பிரித்தறிகிறது. நம் புலவர்கள் பிள்ளைத்தமிழில் குழந்தை தலைநிமிர்ந்து ஆடுவதைச் செங்கீரை என்றும், கைகொட்டுவதைச் சப்பாணி என்றும் பருவம் வகுத்தனர். தால் என்றால் நாக்கு. நாவசைத்துப் பாடுவதால் தாலாட்டு. துணி மாற்றும்போதும் நீராட்டும்போதும் தமிழில் பேசினாலே போதும், மொழி வந்துவிடும். ஆனால் உறக்கமின்றிச் சோர்ந்தவள் எவ்வாறு பாடுவாள்? அவளை உறங்க விடுவதும் தமிழ் வளர்க்கும் பணியே என்பது என் எண்ணம்.

ஆகவே இச்சங்கத்தின்முன் ஒரு சிறு வேண்டுகோளை வைக்கிறேன். நம் குடியிருப்பில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும், உதவிக்கு வந்தவர் ஊர் திரும்பிய நாள் முதல் முப்பது நாள், முறை வைத்து ஒரு வேளைச் சாப்பாடு அடுக்குப் பாத்திரத்தில் அனுப்புவோம். முப்பது குடும்பம் சேர்ந்தால் ஒருவருக்கு ஒரு நாளே வரும். சொல்லாமல் போகவேண்டாம், கை கழுவாமல் குழந்தையைத் தொடவேண்டாம், தேநீரை எதிர்பார்க்கவேண்டாம். முதலில் தாயின் நலத்தைக் கேட்போம். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு அவளை உறங்கச் சொல்வோம். அந்த வீடு தமிழர் வீடாகத்தான் இருக்கவேண்டுமென்பதில்லை. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவளுக்கும் தாய்வீடு தொலைவிலேதான் இருக்கிறது.

சென்ற ஆண்டு, அன்று தூளியில் அழுத என் மகளுக்குப் பெங்களூரில் குழந்தை பிறந்தது. நானும் ஒரு பெட்டியுடன் போனேன். ஊர் திரும்பும் நாளுக்கு முன்தினம் மாலை, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு கன்னடப் பெண்மணி திறந்தார். எனக்குக் கன்னடம் தெரியாது. "நாளை நான் போகிறேன், என் மகள் தனியே இருப்பாள்" என்று தெரிந்த மொழிகளிலெல்லாம் சொன்னேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். எங்கள் எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் இப்போது இல்லை. இருந்திருந்தால் அவரிடம் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.