டர்போ எஞ்சினும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும்



டர்போ பூட்டிய காருக்கு, கடையில் விற்கும் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கிப் பொருத்துவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். தோட்டப் பள்ளி ஆசிரியருக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம்மிடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று கார்ப் பட்டறைகளில் ஸ்பேனர் பிடிக்கிறார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, போதாததற்கு அம்மாவின் சீட்டுப் பணத்தையும் கேட்டு வாங்கி, ஒரு பழைய வீரா காரில் மிட்சுபிஷி டர்போ எஞ்சினை இறக்கிவிடுகிறார்கள். அதன் பிறகு, "பெட்டி ஒன்று வாங்கவேண்டும்" என்று மறுபடியும் வீட்டில் வந்து நிற்கிறார்கள். கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யவேண்டிய தாய் தந்தையருக்கும் இந்த விவரம் தெரிந்திருப்பது நல்லது அல்லவா?

வீராவையே எடுத்துக்கொள்வோம். புரோட்டோன் நிறுவனம் 1993-ஆம் ஆண்டு வெளியிட்ட இந்தக் கார், மிட்சுபிஷி லான்சர் காரின் அடிப்படையில் செய்யப்பட்டது. அதே லான்சரிலிருந்து பிறந்ததுதான் 1992-இல் ஜப்பானில் வெளிவந்த லான்சர் இவொலூஷன். ஆகவே இவொலூஷனின் 4ஜி63 எஞ்சினை வீராவில் இறக்குவது நம் நாட்டுப் பட்டறைகளுக்குப் பழகிப்போன வேலை. ஜப்பானில் பாதியாக வெட்டி அனுப்பும் 'ஹாஃப் கட்' வண்டியிலிருந்து எஞ்சின், கியர் பெட்டி, வயர்கள், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாமே சேர்ந்து கிடைக்கும்.

அந்தப் பெட்டியைத்தான் பட்டறையில் இ.சி.யு. என்கிறார்கள். 1985-இல் வந்த முதல் சாகாவில் இந்த வேலையைக் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் பார்த்துக்கொண்டன. காற்று உறிஞ்சும் வேகத்தில் பெட்ரோல் தானாக இழுபட்டு வரும். நெருப்புப் பொறி சுற்றின் கணக்கில் விழும். இ.சி.யு. இந்த இரண்டையும் எண்களால் செய்கிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 6000 சுற்று சுற்றுகிறது என்றால் வினாடிக்கு 100 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒரு சிலிண்டரில் தீ மூளும். ஆக, ஒரு சிலிண்டருக்கு வினாடிக்கு 50 முறை, நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 200 முறை. ஒவ்வொரு முறையும் எவ்வளவு பெட்ரோல், எந்தப் பாகையில் பொறி என்று அந்தப் பெட்டி கணக்கிட்டுச் சொல்லவேண்டும்.

டர்போ வந்தால் இந்தக் கணக்கு கடுமையாகிவிடும். டர்போ என்பது புகைக்குழாய்க் காற்றின் வேகத்தால் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் காற்றாடி. செம்பனைக் குலை ஏற்றும் டீசல் லாரிகளிலும் டர்போ உண்டு. ஆனால் டீசல் எஞ்சினில் முதலில் காற்று மட்டுமே அழுத்தப்படுகிறது. எண்ணெய் பிறகுதான் பீய்ச்சப்படுகிறது. பெட்ரோல் எஞ்சினிலோ காற்றும் பெட்ரோலும் கலந்தே நசுக்கப்படுகின்றன. அழுத்தமும் சூடும் அளவு மீறினால், பொறியின் தீ வந்து சேருமுன்பே ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கும். இதையே 'நொக்கிங்' என்கிறோம். சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்கும். வேகமாக ஓடும்போது அதுவும் காதில் விழாது. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். உள்ளே எரியும் வாயுவோ 2000 பாகையைத் தாண்டும். பெட்ரோல் குறைந்தாலும் பொறி முந்தினாலும் என்ன ஆகும் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

சாதாரண ஓட்டத்தில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது எடைக் கணக்கு. டர்போ முழு அழுத்தத்தில் இருக்கும்போது 1 பங்குக்கு 11.5 பங்கை ஒட்டி வைப்பார்கள். கூடுதல் பெட்ரோல் குளிர்ச்சி தரும். பொறியும் அப்படியே. மெதுவாக மிதித்து ஓட்டும்போது பிஸ்டன் உச்சிக்கு வர 30 பாகைக்கு மேல் இருக்கும்போதே பொறி விழலாம். முழு அழுத்தத்தில் அதைப் பத்துப் பதினைந்து பாகைக்குப் பின்தள்ளவேண்டியிருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எஞ்சின் ஜப்பானிலிருந்து வந்தபடியே இருக்கிறது, டர்போ அழுத்தத்தைக் கூட்டவில்லை, இன்ஜெக்டரை மாற்றவில்லை என்றால் புதிய பெட்டியே வேண்டாம். ஹாஃப் கட்டோடு வந்த பெட்டி போதும். நல்ல பெட்ரோல் ஊற்றி, குழாய்களையும் பிளக்குகளையும் சரிபார்த்து ஓட்டலாம். பெட்டி வேண்டும் என்று வீட்டில் கேட்கும் தம்பிகளில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு பழுதில்லாத பெட்ரோல் பம்பு.

அழுத்தத்தைக் கூட்டத்தான் போகிறார் என்றால் மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, பழைய பெட்டியின் உள்ளே இருக்கும் கணக்கையே மாற்றி எழுதுவது. இரண்டாவது, 'பிக்கிபேக்' என்னும் சிறு பெட்டியை இடையில் சொருகுவது. மூன்றாவது, பழையதைக் கழற்றிவிட்டு முழுப் பொறுப்பையும் ஒரு புதிய பெட்டியிடம் கொடுப்பது. இதை 'ஸ்டாண்ட் அலோன்' என்பார்கள்.

நம் பட்டறைகளில் பலர் இரண்டாவதை விரும்புகிறார்கள், விலை குறைவு என்பதால். அதன் சூட்சுமத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 4ஜி63 எஞ்சினில் காற்றளவு காட்டும் கருவி ஒன்று இருக்கிறது. எத்தனை காற்று உள்ளே போகிறது என்று அது இ.சி.யு.-வுக்குச் சொல்லும். ஒருவர் நிமிடத்திற்கு 510 சி.சி. பாய்ச்சும் இன்ஜெக்டரை எடுத்துவிட்டு 680 சி.சி. இன்ஜெக்டர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்கின்படி பாய்ச்சினால் பெட்ரோல் அதிகமாகிவிடும். 510-ஐ 680-ஆல் வகுத்தால் முக்கால். ஆகவே பிக்கிபேக் பெட்டி காற்றளவுச் செய்தியை முக்காலாகக் குறைத்து அனுப்புகிறது. நூறு பங்கு காற்று போகும்போது இ.சி.யு.-வின் காதில் விழுவது எழுபத்தைந்து. பெட்ரோல் கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் அதே எண்ணை வைத்துத்தான் அந்த இ.சி.யு. பொறியின் நேரத்தையும் முடிவு செய்கிறது. பாரம் குறைவு என்று நம்பி அது பொறியை முன்னதாகவே விட்டுவிடும். பின்தள்ளவேண்டிய நேரத்தில் முன்தள்ளினால் நொக்கிங்தான்.

நம்மிடம் படித்த ஒரு தம்பிக்கு நடந்தது இதுதான். ஒரு பட்டறையில் பெட்ரோலை மட்டும் பார்த்துக் கொடுத்தார்கள். மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன் வளையம் இருக்கும் ஓரம் உடைந்துபோயிற்று. அந்தப் பிஸ்டனை அவர் பள்ளிக்குக் கொண்டுவந்து தந்தார். இன்னமும் அறிவியல் அலமாரியில் இருக்கிறது. பொறியின் நேரத்தையும் தனியாகத் திருத்தக்கூடிய பிக்கிபேக் பெட்டிகளும் உண்டு. அழுத்தம் கொஞ்சமே கூடும் இடத்தில் அவற்றைக் குறைசொல்ல முடியாது. அது முடியாத பெட்டியை டர்போ காருக்கு வாங்கவே கூடாது என்பது நம் கருத்து.

ஸ்டாண்ட் அலோன் பெட்டிக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், மோட்டெக், நியூசிலாந்தின் லிங்க், அமெரிக்காவின் ஏ.இ.எம். என்று பல பெயர்கள் நடமாடுகின்றன. சொந்தமாகப் பற்றவைத்துச் செய்யும் மெகாஸ்குவர்ட் என்பதும் உண்டு. எது சிறந்தது என்று தம்பிகள் இரவெல்லாம் வாதாடுவார்கள். அந்த வாதத்தில் நமக்கு நாட்டமில்லை. எந்தப் பெட்டியும் வாங்கி வரும்போது நம் எஞ்சினைப் பற்றி ஒன்றும் அறியாது. அதைத் திறந்தால் தெரிவது பெருக்கல் வாய்ப்பாடு போன்ற கட்டங்கள்: குறுக்கே எஞ்சின் சுற்று, நெடுக்கே அழுத்தம், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். பெட்டியோடு வரும் ஆரம்பக் கணக்கு எஞ்சினை முடுக்கிப் பார்க்கத்தான். அதை வைத்துக்கொண்டு டர்போவை வேலை வாங்கக்கூடாது. கட்டங்களை நிரப்புகிறவரே எஞ்சினைக் காப்பாற்றுகிறவர். அவரை 'டியூனர்' என்கிறோம்.

ஆகவே கடைக்குப் போகுமுன் டியூனரைத் தேடுங்கள். உங்கள் ஊரிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில், அதே எஞ்சினை டைனோவில் ஏற்றிப் பழகியவர் யார்? எந்தப் பெட்டியில் அவர் கை பழகியிருக்கிறது? அதை வாங்குங்கள். யாருக்கும் தெரியாத உயர்ந்த பெட்டியைவிட, அவர் கண்ணை மூடிக்கொண்டு திருத்தக்கூடிய நடுத்தரப் பெட்டி மேல்.

அடுத்து, அந்தப் பெட்டி உங்கள் எஞ்சினோடு பேசுமா என்று கேட்கவேண்டும். கிராங்க் எந்தப் பாகையில் நிற்கிறது என்று காட்டும் சென்சரின் சைகை எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். அதை அது படிக்குமா? மிட்சுபிஷியில் எஞ்சின் சும்மா உறுமும் வேகத்தை ஒரு ஸ்டெப்பர் மோட்டார் பார்த்துக்கொள்கிறது. அதை இயக்கும் வசதி உண்டா? இல்லையென்றால், ஏர்கோனைத் தட்டியதும் சிவப்பு விளக்கில் எஞ்சின் நின்றுபோகும். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் காரும் அதுவே என்றால், குதிரைச் சக்தியைவிட இது பெரிய விஷயம்.

காற்றளவுக் கருவியைக் கழற்றிவிட்டு அழுத்த சென்சர் வைப்பவர்கள் ஒரு கணக்கில் ஏமாறுகிறார்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றுக்கே 1 பார் அழுத்தம் உண்டு. மீட்டரில் டர்போ 1 பார் என்று காட்டினால் உள்ளே இருப்பது 2 பார். 2 பார் வரை மட்டுமே படிக்கும் சென்சர் அங்கேயே எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் அழுத்தம் ஏறினால் பெட்டிக்குத் தெரியாது. ஆகவே 3 பார் சென்சர் வாங்குங்கள். இன்ஜெக்டருக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. 6000 சுற்றில் இரண்டு சுற்றுக்கு ஆகும் நேரம் 20 மில்லி வினாடி. அதில் 85 விழுக்காடு, அதாவது 17 மில்லி வினாடிக்கு மேல் இன்ஜெக்டரைத் திறந்து வைத்தால் ஓய்வில்லை என்று பொருள். எந்தப் பெட்டியாலும் இல்லாத பெட்ரோலைத் தர முடியாது.

பெட்ரோல் என்றதும் ஒரு குடும்ப விஷயம் வருகிறது. ஜப்பானில் உயர்தரப் பெட்ரோல் பெரும்பாலும் 100 ஆக்டேன். இங்கே நம் நிலையங்களில் 95, 97 என்று ஊற்றுகிறோம்; இரண்டுக்கும் விலையில் வேறுபாடு உண்டு. 97 ஊற்றி டியூன் செய்துவிட்டு, மாதக் கடைசியில் 95 ஊற்றினால் அந்தக் கட்டங்களில் உள்ள எண்கள் பொருந்தாது. டியூனரிடம் பெருமைக்காகப் பேசாமல், மாதம் முழுவதும் வாங்கக்கூடிய பெட்ரோல் எதுவோ அதைச் சொல்லி டியூன் செய்யச் சொல்லவேண்டும். பத்துக் குதிரைச் சக்தி குறையட்டுமே! நம் வெயிலையும் மறக்கக்கூடாது. நெரிசலில் நின்ற காரின் உள்காற்று கொதிக்கும்; காற்றின் சூட்டை அளந்து பொறியைப் பின்தள்ளும் வசதி பெட்டியில் இருக்கவேண்டும், அதை டியூனர் நிரப்பியும் இருக்கவேண்டும்.

புறப்படும்போது சீறவைக்கும் வசதி, புகைக்குழாயில் நெருப்புக் கக்கவைக்கும் வசதி எல்லாம் விளம்பரத்தில் முதலிடம் பெறும். அவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள். எண்ணெய் அழுத்தம் குறைந்தால், கலவையில் பெட்ரோல் குறைந்தால், டர்போ அழுத்தம் மீறினால் எஞ்சினைத் தானே அடக்கும் வசதிக்குக் கொடுங்கள். வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சரும் அவசியம். சாதாரண ஆக்சிஜன் சென்சர், கலவை 14.7-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டுமே சொல்லும், 11.5 என்று சொல்லத் தெரியாது.

பணம் கேட்கும்போது பெட்டியின் விலையை மட்டும் சொல்வது தம்பிகளின் வழக்கம். வயரிங், சென்சர்கள், டைனோ கூலி ஆகியவற்றுக்கு இன்னொரு பங்கு ஒதுக்கவேண்டும். வயரை முறுக்கி டேப் ஒட்டுகிற வேலை இங்கே செல்லாது. கிராங்க் சென்சரின் வயருக்கு உறை வேண்டும், எர்த் வயர்கள் உறுதியாக இருக்கவேண்டும். எஞ்சின் மாற்றியதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் முறைப்படி பதிந்து, கிராண்ட்டில் உள்ள எஞ்சின் எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒத்திருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்திற்கும் தெரிவிக்கவேண்டும். வேகத்தைச் சோதிக்க விரும்பினால் 1999-இல் திறந்த செப்பாங் பந்தயத் தடம் இருக்கிறது. தோட்டத்துச் சாலையில் பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள்.

கடைசியாக ஒன்று. சில டியூனர்கள் தாங்கள் நிரப்பிய கணக்கைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அவர் ஊர் மாறினாலோ தொழிலை விட்டாலோ, வேறொருவர் திறந்து பார்க்க முடியாது. மறுபடி முதலிலிருந்து காசு. கூலி பேசும் அன்றே, வேலை முடிந்ததும் அந்தக் கோப்பின் பிரதியும் கடவுச்சொல்லும் தருவாரா என்று கேளுங்கள். தந்தால் வாங்கி, காரின் கிராண்ட் இருக்கும் அதே பையில் வையுங்கள்.