தனித்த வீடும் திறந்த திண்ணையும்

(பாலாற்றங்கரைத் தோல்தொழில் ஊர்களின் தமிழன்பர்க்கு ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



காலை விடிந்ததும் ஆம்பூரில் இரண்டு வகை ஊர்திகள் ஓடுகின்றன. ஒன்று, காலணித் தொழிற்சாலைக்கும் தோல் பதனிடும் ஆலைக்கும் ஆள் ஏற்றிச் செல்வது. மற்றொன்று, ஆங்கிலவழிப் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வது. முன்னதில் ஏறுவோர் ஈட்டும் கூலியின் பெரும்பகுதி, பின்னதில் ஏறுவோரின் கட்டணமாய்க் கரைந்து போகின்றது.

இவ்வூர்த் தெரு ஒன்றில் ஓர் இணையர் வாழ்வதாகக் கருதிக்கொள்க. கணவர் காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டும் வேலை செய்பவர். மனைவி பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று, மணத்திற்கு முன் அதே தொழிலில் தையற்பொறியில் அமர்ந்தவர். அவர்தம் பெண்குழந்தைக்கு ஐந்து அகவை நிறைகின்றது. "இவளை ஆங்கிலப் பள்ளிக்கு விடுவதில்லை; எல்லாப் பாடங்களையும் தமிழிலேயே வீட்டில் கற்பிப்போம்" என்று இருவரும் துணிகின்றனர். மனைவி வேலைக்குச் செல்லாமையால் ஒரு கூலி குறையும். அதனையும் பொறுக்க முனைகின்றனர். ஆயின் தெருவில் அக்கருத்துடையார் ஒருவரும் இலர். உறவினர் நகுகின்றனர். "பிள்ளையின் வாழ்வைப் பாழாக்குகின்றீர்கள்" என்று பாட்டியார் அழுகின்றார்.

இவ்விணையர் செய்வது முறையா? இயலுவதா? அக்குழந்தைக்கு நன்றா? இம் மூன்று வினாக்களையும் உணர்ச்சி வயப்படாமல் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிள்ளை தமிழுக்குக் கொடுக்கும் காணிக்கை அன்று. தமிழே பிள்ளையின் வாழ்வுக்குத் துணையாதல் வேண்டும்.

முதலாவது, முறையா என்பது. 6 முதல் 14 அகவை வரையுள்ள பிள்ளைகட்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி தரும் சட்டம் 2009இல் இயற்றப்பெற்று, 2010 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையைப் பள்ளியிற் சேர்த்தலைப் பெற்றோரின் கடமையாக அச்சட்டம் கூறுகின்றது. கூறினும், தவறிய பெற்றோர்க்கு ஒறுப்பு எதனையும் அது விதிக்கவில்லை. வீட்டுக் கல்வியை அது பெயர் சுட்டி ஏற்கவுமில்லை. பெயர் சுட்டி விலக்கவுமில்லை. பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாதல் வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கின்றது. ஆயினும் அச்சொல்லைச் செயலாக்கும் வலிமை அரசுகட்கு இல்லாமற் போயிற்று. தமிழ்நாட்டில் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அமைக்க 1999இல் பிறந்த அரசாணையை 2000இல் சென்னை உயர் வழக்குமன்றம் செல்லாதாக்கியது. 2014இல் கருநாடக வழக்கில் உச்ச வழக்குமன்றமும், பயிற்றுமொழியைத் தெரிவு செய்தல் பெற்றோரின் உரிமை என்றே தீர்ப்பளித்தது. தமிழன்பர் பலர் அத்தீர்ப்பினால் வருந்தினர். வருத்தம் இயல்பே. ஆயின் அத்தீர்ப்பின் மறுபுறத்தையும் நோக்குக: ஆங்கிலத்தைத் தெரிவு செய்ய உரிமையுள்ள பெற்றோர்க்குத் தமிழைத் தெரிவு செய்யவும் அதே உரிமை உண்டு. அரசாணை காக்க இயலாத மொழியைக் காக்கும் பொறுப்பு, இன்று வீட்டு வாயிலில் வந்து நிற்கின்றது.

இரண்டாவது, இயலுமா என்பது. இயலும், வழியும் உண்டு. 12½ அகவை நிறைந்தவர் தமிழ்நாட்டு அரசுத் தேர்வுத்துறை நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராகத் தமிழில் எழுதலாம். அதில் தேறி 14½ அகவை நிறைந்தவர் நேரடித் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் செல்லலாம். அறிவியற் பாடத்தின் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் முன்னரே பதிந்துகொண்டு, பள்ளி ஒன்றுக்குச் சென்று பயிலுதல் வேண்டும். இதனை மறந்து கடைசி நேரத்தில் தவிப்போர் உண்டாகலின், இதனைக் குறித்துக்கொள்க. 1989இல் தொடங்கப்பெற்ற நடுவண் அரசின் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழி மற்றொன்று.

இழப்பும் உண்டு, அதனை மறைத்தல் நேர்மையன்று. தமிழ்வழிக் கற்றார்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காட்டு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அது திருத்தப்பெற்றுப் பள்ளிப் பருவந்தொட்டே தமிழ்வழியிற் கற்றிருத்தல் வேண்டும் என்றாயிற்று. அதற்குச் சான்று தரவேண்டியது பள்ளி. வீட்டில் ஒவ்வொரு பாடத்தையும் தூய தமிழிற் கற்ற பிள்ளை, பள்ளியின் சான்று இன்மையால் அம்முன்னுரிமைக்கு வெளியே நிற்க நேரலாம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றார்க்கு மருத்துவக் கல்வியில் 2020 முதல் கிடைக்கும் 7.5 விழுக்காட்டு இடமும் வீட்டிற் கற்ற பிள்ளைக்கு இல்லை. பதனிடு தொழிலாளியின் மகளுக்கு இவை சிறிய இழப்புகள் அல்ல. இவற்றை முன்னரே எடைபோட்டுப் பார்த்துத் துணிதலே துணிவு. அறியாது இறங்குதல் துணிவன்று.

மூன்றாவது வினாவே கடினமானது: அக்குழந்தைக்கு இது நன்றா? ஒத்த கருத்துடையார் ஒருவரும் இல்லாத ஊரில், ஒரு வீடு தனித்து நின்று ஒரு பிள்ளையை வளர்த்தெடுக்க இயலுமா?

இவ்விடத்தே இவ்வட்டாரத்தின் வரலாறே விடை கூறுகின்றது. மொழிநூல் ஞாயிறு பாவாணர் இளமையிலே பெற்றோரை இழந்து, ஆம்பூரில் உலுத்தரன் திருச்சபையாரின் நடுநிலைப் பள்ளியிற் பயின்றவர். 1920களின் தொடக்கத்தில் அதே ஆம்பூரில் தமிழாசிரியராய்ப் பணியாற்றினார். வகுப்பில் கற்பித்துக்கொண்டே தாம் தனியே கற்று, 1924இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதத் தேர்வில் தேறினார். அவ்வாண்டு தேறியவர் அவர் ஒருவரே. ஆம்பூரை அடுத்த திருப்பத்தூரில் மு. வரதராசனார் வட்ட அலுவலக எழுத்தராய் இருந்தார். உடல் நலிவால் அவ்வேலையை விட்டார். தனியே பயின்று 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தின் முதல்வராய்த் தேறினார். பின்னாளில் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் உயர்ந்தார். தனித்தமிழ் இயக்கத்தை 1916இல் தோற்றுவித்த மறைமலையடிகளின் பள்ளிப் படிப்பும் தந்தையாரின் மறைவால் இடையிலேயே நின்றுபோயிற்று. அவரே 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தமிழாசிரியரானார்.

இவற்றைக் கேட்டவுடன், "பள்ளி வேண்டா, வீடே போதும்" என்று முடிவு கட்டுதல் எளிது. அது தவறான முடிபு. இப்பெரியோர் மூவரும் முதலிற் பள்ளி கண்டவர்கள். அதனினும் முதன்மையான செய்தி, வாழ்வு தனிமைப்பட்ட காலத்தும் அவர்கள் தனித்துக் கற்கவில்லை என்பது. மறைமலையடிகட்கு நாகப்பட்டினத்தில் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளை ஆசானாய் வாய்த்தார். வரதராசனார்க்குத் திருப்பத்தூரில் முருகைய முதலியார் வாய்த்தார். பாவாணர்க்கு நாள்தோறும் எதிரில் அமர்ந்து வினாத்தொடுக்கும் மாணவர் இருந்தனர். பள்ளி இல்லாமற் கற்கலாம். பிற மாந்தர் இல்லாமற் கற்றல் இயலாது.

பழந்தமிழகம் இதனை நன்கு அறிந்திருந்தது. சென்னை மாகாண ஆளுநர் மன்றோ 1822இல் நாட்டுக் கல்வி நிலையைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. சென்னையில் மட்டும் வீட்டிலே கற்போர் 26,000த்துக்கும் மேல் என்றும், அது பள்ளியிற் கற்போரினும் ஐந்து மடங்கு என்றும் கணக்கு வந்தது. அவ்வெண்ணிற் பிழை இருத்தல் கூடும் என மன்றோவே ஐயுற்றார். எண் எவ்வாறாயினும், வீட்டுக் கல்வி இம்மண்ணுக்குப் புதியதன்று என்பது தெளிவு.

அந்நாளைப் பள்ளிகள் பல நடந்த இடம் திண்ணை. திண்ணை என்பது யாது? அது வீட்டின் உறுப்பு; ஆயின் கதவுக்கு வெளியே உள்ளது. வழிப்போக்கனும் அமரலாம், அண்டை வீட்டுப் பிள்ளையும் ஏறலாம். அதே வேளையில் ஓர் உண்மையையும் மறைத்தலாகாது. அத்திண்ணைகளிற் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே இருந்தனர். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகட்குப் பல திண்ணைகள் எட்டாதனவாகவே இருந்தன. தோல்தொழிலில் உழைப்போருள் பலருடைய முன்னோர் அவ்வாறு வெளியே நிறுத்தப்பட்டவர்களே. அவர்கட்குக் கதவு திறந்தவை பிற்காலப் பொதுப்பள்ளிகள். பேரப்பிள்ளை பள்ளிக்குச் செல்லாள் என்றதும் பாட்டியார் அழுதாரே, அவ்வழுகை அறியாமையின் அழுகை அன்று. பெற்ற ஒன்றை மீண்டும் இழப்போமோ என்னும் அச்சத்தின் அழுகை. அதனை நகையாடாமல் விடையளிக்க வேண்டிய கடன் அவ்விணையர்க்கு உண்டு.

ஆகலின் வீட்டுக் கல்வியைத் தெரிவு செய்வார் முதலிற் கட்ட வேண்டியது மதில் அன்று, திண்ணை. அதுவும் எவர்க்கும் அடைக்கப்படாத திண்ணை.

"ஒத்த கருத்துடையார் இல்லையே" என்று ஏங்குவோர், ஒத்த கருத்து வேறு, துணை வேறு என்பதை உணர்தல் வேண்டும். பிள்ளைக்கு வேண்டுவது பெற்றோரின் கொள்கையை மீண்டும் ஒப்பிக்கும் பத்துப் பேர் அல்லர். விளையாட ஒருவர், கதை சொல்ல ஒருவர், வினாவுக்கு விடையிறுக்க ஒருவர். இவர்கள் எல்லாத் தெருவிலும் உள்ளனர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இசுலாமியர் பலர் உருதுவை வீட்டுமொழியாய்க் கொண்டு, அதனைத் தலைமுறை தலைமுறையாய்க் காத்து வருகின்றனர். வாணியம்பாடியில் 1919இலேயே கல்லூரி கண்டவர்கள் அவர்கள். தாய்மொழியை வீட்டில் எவ்வாறு காப்பது என்பதை அண்டை வீட்டாரிடமே கற்கலாம். தமிழ்ப்பிள்ளை உருதுப்பிள்ளையோடு விளையாடுவதனால் தமிழ் கெடாது. தன் மொழியைப் போலவே பிறர்க்கும் ஒரு மொழி உண்டென்னும் அறிவு பிறக்கும்.

பாடத்துக்கும் பஞ்சமில்லை. தோல் எவ்வாறு பதனாகின்றது என்பதை முதியதொரு தொழிலாளியிடம் கேட்டால், சுண்ணாம்புக் குழியும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வேதியல் பாடமாய் விரியும். மரப்பட்டைக்கு மாறாகக் குரோமிய உப்பு வந்ததையும், ஆலைக் கழிவாற் பாலாறு நலிந்ததையும், 1996இல் உச்ச வழக்குமன்றம் 'கெடுத்தவனே இழப்பைத் தரவேண்டும்' என்று தீர்ப்பளித்ததையும் சேர்த்துச் சொன்னால் அதுவே குமுகாயப் பாடம். ஆம்பூரிற் கண்ட பல்லவர் கால நடுகற் கல்வெட்டுகள், நிருபதுங்கனின் 26ஆம் ஆட்சியாண்டில் ஆநிரை மீட்டுப் பட்ட வீரரைச் சொல்கின்றன; அவை வரலாற்றுப் பாடம். வாணியம்பாடியை அடுத்துக் காவலூர் மலைமேல் வானோக்கு நிலையம் உள்ளது. அங்கு 1986 முதல் இயங்கும் பெருந்தொலைநோக்கி வானியற் பாடம். இவற்றைக் காணச் செல்லுங்கால் தன் பிள்ளையை மட்டும் அழைத்துச் செல்லாமல், தெருப்பிள்ளைகள் நால்வரையும் உடன் அழைத்துச் செல்க. ஆங்கிலப் பள்ளியிற் பயிலும் பிள்ளையாயினும் அழைக்க. அவனும் தமிழ்ப்பிள்ளையே.

இன்னும் ஒன்று. வீட்டில் 'மிதிவண்டி' என்று பழகிய சிறுமி தெருவில் அச்சொல்லைச் சொல்ல, மற்றைப் பிள்ளைகள் நகைப்பர். அன்று அவள் அழுதுகொண்டு வருவாள். அப்பொழுது பெற்றோர், "அவர்கள் தமிழறியாதவர்கள்" என்று கூறுவராயின், அப்பிள்ளை தெருவை வெறுக்கக் கற்பாள். அல்லது தமிழை வெறுக்கக் கற்பாள். "இரு சொல்லும் உனக்குத் தெரியும், அவர்கட்கு ஒன்றே தெரியும், மற்றதையும் நீ சொல்லிக்கொடு" என்று கூறுவராயின், அவள் அத்தெருவின் ஆசிரியை ஆவாள். தூய தமிழ் பிறரினும் உயர்ந்து நிற்க ஏறும் மேடை அன்று. பிறரோடு பகிர்ந்துண்ணும் சோறு.

ஒரு கூலியை இழக்க இயலாத குடும்பங்களே மிகுதி. அவர்கள் தாழ்வு கொள்ள வேண்டுவதில்லை. அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் 2012-13 முதல் பெருகினும், தமிழ்வழிப் பிரிவு இன்னும் உண்டு. அதில் உரிமையோடு சேர்க்க. மாலையில் ஒரு மணி நேரம் திண்ணையிற் பாய் விரித்து, தம் பிள்ளையோடு அண்டைப் பிள்ளைகளையும் அமர்த்துக. பகற்பள்ளி தரும் சான்றும் கிடைக்கும்; மாலைத் திண்ணை தரும் தமிழும் கிடைக்கும். தமிழ்வழிப் பிரிவில் பிள்ளைகள் குறையக் குறைய அதனை மூடுதல் எளிதாகும். ஒரு பிள்ளை சேர்வதும் ஒரு காப்பே.

எனவே பெருமக்களே! வீட்டிற் கற்பிப்பதா, பள்ளிக்கு விடுப்பதா என்பதை அவ்வவ் வீட்டின் நிலையறிந்து அவ்வவரே முடிவு செய்க. எம்முடிவாயினும் பிள்ளை தனித்து விடப்படாமை வேண்டும். ஒத்த கருத்துடையார் வரட்டும் என்று காத்திருந்தால் பிள்ளையின் அகவை காத்திராது. கருத்து ஒத்தவர் முன்பே கூடியிருந்து பின் திண்ணை எழுவதில்லை. திண்ணை முதலில் எழும், ஒருவர் வந்து அமர்வார், பேச்சு வளரும், அதன்பின் கருத்து ஒக்கும்.

அவ்விணையர் இன்று மாலை கதவைத் திறந்து பாயை விரிக்கட்டும். முதலில் வந்தமர வேண்டியவர் அழுத அப்பாட்டியார். அவர் சொல்லும் ஒரு கதையே அக்குழந்தையின் முதற் பாடம் ஆகுக!