டெண்டருக்கு மட்டும்

வீட்டுக் கணினியில் பிரவுசர் தானாக அப்டேட் ஆவதை எப்படி நிறுத்துவது என்று இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். காக்களூர், திருவள்ளூர் வட்டாரத்தில் கணினி பழுது பார்ப்பவன் நான். இந்தக் கேள்வி என்னிடம் அதிகம் வருவது சிட்கோ தொழிற்பேட்டையின் சின்னப் பட்டறைக்காரர்களிடமிருந்துதான். லேத் பட்டறையில் ஓடும். பில்லும் கணக்கும் டெண்டரும் வீட்டில், பிள்ளைகள் படிக்கிற அதே கணினியில் நடக்கும்.

2017 மார்ச் மாதம். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருவர் போன் செய்தார். "தம்பி, போன வாரம்கூட நல்லா இருந்துச்சுப்பா. இன்னிக்கு டோக்கனைச் சொருகினா கண்டுக்கவே மாட்டேங்குது. மூணு மணிக்கு டெண்டர் மூடிடும்." டோக்கன் தெரியாத நேயர்களுக்கு: பென் டிரைவ் போல இருக்கும், அதற்குள் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். ஏரிக்கரை வழியாக வண்டியை விரட்டிக்கொண்டு போனேன்.

அந்த நாளில் அவர் டெண்டர் போடும் தளத்தில் கையெழுத்துப் போட, பிரவுசருக்குள் ஜாவா என்ற பிளக்-இன் ஓட வேண்டும். குரோம் அதை 2015 செப்டம்பரிலேயே கைகழுவிவிட்டது. அவர் பயன்படுத்தியது பயர்பாக்ஸ். மார்ச் 7 அன்று வந்த அதன் 52-ஆம் பதிப்பு, ஃபிளாஷ் ஒன்றைத் தவிர மற்ற பிளக்-இன்களை எல்லாம் நிறுத்திவிட்டது. அவர் கணினி அதைத் தானே இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

நல்லவேளையாக, அதே 52-க்கு நிறுவனங்களுக்காக ஈ.எஸ்.ஆர். என்றொரு நீண்டகாலப் பதிப்பு இருந்தது. அதில் ஜாவா ஓடும். பாதுகாப்புத் திருத்தங்களும் வந்துகொண்டிருக்கும். அதை இறக்கினேன். இரண்டே முக்காலுக்கு டோக்கனின் சின்ன விளக்கு மினுங்கியது. அவர் என் தோளைப் பிடித்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. என் தொழிலில் அந்த விளக்கு மினுங்கும் நிமிடத்தைவிட எனக்குப் பிடித்தது எதுவும் இல்லை, நேயர்களே.

ஆனால் அந்த ஈ.எஸ்.ஆரும் அடுத்த ஆண்டு 60-க்குத் தாவும், அப்போது ஜாவா போய்விடும். அதனால் அப்டேட்டே தேடாதபடி அன்றே நிறுத்திவைத்தேன். அங்கேதான் வினை.

2019-ல் பிரிண்டர் பார்க்க அதே வீட்டுக்குப் போனேன். அவருடைய மகள் அந்தப் பழைய பயர்பாக்ஸைத் திறந்து வங்கிக் கணக்கில் பணம் அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பதிப்புக்குத் திருத்தங்கள் 2018 செப்டம்பரோடு முடிந்துவிட்டன. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். ஒரு ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பு வந்ததும், திருடர்கள் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எங்கே மாறியிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. அப்டேட் ஆகாத கணினிக்கு அது வாசல் வழி. வான்னாகிரை என்ற கணினித் தாக்குதலை நினைத்துப் பாருங்கள்: விண்டோஸுக்குத் திருத்தம் வந்தது 2017 மார்ச்சில், தாக்குதல் மே 12-ல். இடையில் இரண்டு மாதம் இருந்தும், ஒரகடம் கார் ஆலைவரை அது வந்து சேர்ந்தது.

அந்த வீட்டில் பணம் எதுவும் போகவில்லை. வங்கி வேலைக்குப் புதிய பிரவுசர் ஒன்றை ஏற்றினேன். பழைய ஐகானின் பெயரை 'டெண்டருக்கு மட்டும்' என்று மாற்றினேன். அதை 2017-லேயே செய்திருக்க வேண்டும்.

சரி, வழிமுறைக்கு வருகிறேன். நேரம் குறைவு. இன்றைய பயர்பாக்ஸில் செட்டிங்ஸ் போய், ஜெனரல் பகுதியில் கீழே இறங்கினால் அப்டேட் பற்றிய இரண்டு தெரிவுகள் இருக்கும். இரண்டாவதைத் தொட்டால், புதிய பதிப்பு வந்ததும் சொல்லும். போடுவது உங்கள் கையில். வீட்டுக்கு இதுவே போதும். குரோமில் அப்படியொரு பொத்தான் கிடையாது. விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் கூகுள் அப்டேட்டரை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்யச் சொல்ல மாட்டேன். ஹாட்ஸ்பாட்டில் டேட்டா தீர்கிறது என்பதுதான் கவலை என்றால், அந்த வைஃபையை 'மீட்டர்டு' என்று குறித்துவிடுங்கள். பெரும்பாலும் டேட்டாவைத் தின்பது பிரவுசர் இல்லை, விண்டோஸ் அப்டேட்தான், அது காத்திருக்கும். எதை நிறுத்தினாலும், திரும்பத் திறக்க வேண்டிய தேதியைச் சுவர் காலண்டரில் பேனாவால் எழுதுங்கள். பால் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், தினமும் கண்ணில் படும்.

மாதா மாதம் 20-ஆம் தேதி டோக்கன் வைத்து ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் பட்டறை நேயர்களே, 18-ஆம் தேதியே டோக்கனைச் சொருகி ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிரவுசர் மாறியிருந்தால் சரிசெய்ய இரண்டு நாள் கையில் இருக்கும். இந்த மாதம் உங்கள் வீட்டிலும் அந்த விளக்கு முதல் தடவையிலேயே மினுங்கட்டும்.